அப்பளம் நொறுங்கிய இடம்

என் வீட்டுக்காரர் மருதாசலத்துக்கு எல்லாம் தெரியும். தெரியாத விஷயம் என்றால் இன்னும் சத்தமாகத் தெரியும். கோழிக்குச் சளி பிடித்தால் டாக்டர் வாய் திறப்பதற்குள் மருந்து சொல்லிவிடுவார். வானத்தைப் பார்த்து 'இன்னிக்கு மழை இல்லை' என்பார். நான் ஓடிப்போய்க் கொடியிலிருந்து துணியை எடுத்துவிடுவேன். முப்பது வருடமாக இப்படிப் பிழைத்துக்கொண்டிருந்த நான், என் காரை எங்கே நிறுத்துவது என்கிற ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பேச்சைக் கேட்டேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

என் கார் என்றால் என் கார்தான். வெள்ளை மாருதி, இந்தத் தை மாதத்தோடு பதினைந்து வருடம் முடிந்தது. இளம்பிள்ளையில் தறிக்காரர்களிடம் சேலை எடுத்து, பின் சீட்டில் அடுக்கி, நாமகிரிப்பேட்டையைச் சுற்றி இருபது ஊருக்குக் கொண்டுபோய் விற்கிறேன். கார் இருந்தால் நான் சேலைக்கார வசந்தாமணி. கார் இல்லாவிட்டால் எங்கே போவதென்றாலும் அவரைக் கெஞ்ச வேண்டும். அவருடைய புதுக் கார் இருக்கிறதே என்பீர்கள். அதன் சாவியை அவர் குளிக்கப் போகும்போதுகூடக் கையோடு கொண்டுபோகிறார்.

அந்தப் புதுக் கார் சித்திரையில் வந்தது. வந்த அன்றே போர்டிகோவில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பத்து வருடமாக அங்கே நின்ற என் கார் வாசலுக்கு வந்தது. "இது எங்கீங்க நிக்கறது?" என்று கேட்டேன்.

"கோழி செட்டு சும்மாதானே கெடக்குது? மேல கூரை, மழை ஒரு சொட்டு படாது. கீழ உமி மெத்தை மாதிரி. இதுக்கு மேல உன்ற காருக்கு அரமணையா கட்டுவாங்க?" என்றார். அவரே ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்தி, பெரிய பிளாஸ்டிக் தார்ப்பாயைப் போட்டு, காற்றுகூடப் புகாதபடி கயிற்றால் இறுக்கிக் கட்டினார். அது குஞ்சு வளர்த்த பழைய செட்டு. தரையில் கணுக்கால் ஆழத்துக்கு உமியும் கோழி எருவும் கலந்து கிடந்தது. கோழி போய்விட்டது, எரு போகவில்லை. அதை நானும் யோசிக்கவில்லை.

தினமும் எடுத்து ஓட்டிக்கொண்டிருந்த வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆடியில் படி தவறி விழுந்து இடது கால் எலும்பு விரிசல் விட்டது. கிளட்ச் மிதிக்கிற கால். மாவுக்கட்டுப் போட்டு நாற்பத்தைந்து நாள் கட்டிலில் கிடந்தேன். ஆவணியில் நல்ல மழை வேறு. கட்டுப் பிரித்த மறுநாள் நொண்டிக்கொண்டே போய்த் தார்ப்பாயை அவிழ்த்தேன்.

நெடி மூக்கில் ஏறிக் கண் எரிந்தது. தார்ப்பாயின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. கதவின் அடி ஓரமெல்லாம் பெயிண்ட் கொப்புளம். ஒன்றைத் தொட்டேன், விரல் உள்ளே போய்விட்டது. டிரைவர் சீட்டுக்குக் கீழே மிதியடியைத் தூக்கிப் பார்த்தால் ஓட்டை வழியாக உமி தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கம் என்ன இருக்கிறது? சோறு போட்ட வண்டி.

சென்றாயனின் பட்டறைக்கு உருட்டாத குறையாகக் கொண்டுபோனோம். வெல்டிங்கும் டிங்கரிங்கும் செய்கிறவர், கைகாரர். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து தலையைச் சொறிந்தார். அதற்குள் நம்மவர் ஆரம்பித்துவிட்டார்.

"இதென்ன சென்றாயா, பாக்கறதுக்கு என்ன இருக்குது? பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதுதான். பதினஞ்சு வருசம் முடியுது, தையில ஆர்டிஓ ஆபீசுல எஃப்சி காட்டணும். இந்த ஓட்டைய வெச்சுக்கிட்டு எந்த ஆபீசர் கையெழுத்துப் போடுவான்?"

பட்டறையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது.

"ஏனுங்க, கெடுத்தது நீங்க, பழி என்ற காருக்கா? தையில இது பாஸாகும். பாத்துக்கிட்டே இருங்க."

"பாஸாச்சுன்னா போர்டிகோவ நீயே வெச்சுக்கோ. என்ற வண்டிய நானே கொண்டுபோயி அதே கோழி செட்டுல நிறுத்தறேன். ஆகலைன்னா மறுபேச்சுப் பேசாம எடைக்குப் போட்டரோணும். என்ன சொல்றே?"

"நாலு பேரு கேட்டுக்குங்க சாமி," என்றேன். "அப்பறம் நான் அப்படிச் சொல்லலைம்பாரு."

அவர் வீராப்பாகப் போன பிறகுதான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். பேச்சு வாயிலிருந்து வந்துவிட்டது, தை மாதத்துக்கு நாலு மாதம்தான். நடுவில் ஐப்பசி, கார்த்திகை என்று அடைமழைக் காலம்.

சென்றாயன் மெதுவாகச் சொன்னார். "அக்கா, நான் வெட்டிப்போட்டுப் புதுத் தகடு ஒட்டிக் குடுத்தர்றேன். அது பெருசில்லீங்க. நிறுத்தற எடத்த மாத்தலைன்னா தைக்குள்ள மறுபடியும் இதே கதிதானுங்க. மேல பெய்யற மழைல இரும்பு இத்துப்போறதில்லீங்க்கா, அது ஓடிக் காஞ்சிரும். கீழ இருந்து வார ஈரம், மூடி வெச்ச புழுக்கம், இந்த எருவுல இருந்து கெளம்பற நெடி, இதுங்கதான் தின்னுருது. ஈரமில்லாத, காத்தாடற எடமாப் பாருங்க."

பார்ப்பது எப்படி? ஈரம் கண்ணுக்குத் தெரிந்தால் நான் ஏன் ஏமாறுகிறேன்?

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது விடை தட்டிலேயே இருந்தது. காலையில் பொரித்த அப்பளம். மூட மறந்துவிட்டேன், தொய்ந்துபோய்க் கிடந்தது. அப்பளத்தைவிட ஈரத்துக்குப் பயப்படுகிற ஜீவன் எது? அன்று சாயங்காலமே ஒரு கட்டு அப்பளத்தைப் பொரித்தேன்.

பட்டறையிலிருந்து வரும் வழியில் கேட்டதில், ஊரில் ஆளாளுக்கு ஓர் இடம் சொல்லியிருந்தார்கள். மாட்டுக் கட்டுத்தறி, கல்யாண மண்டபத்துக்குக் கீழே உள்ள அறை, கிணற்று மோட்டார் கொட்டகை, கோயில் புளியமரத்தடி. ஒவ்வோர் இடத்திலும் ஒரு காகிதத்தில் ஓர் அப்பளம் வைத்து, மேலே வடிகட்டியைக் கவிழ்த்துவிட்டு வந்தேன். எங்கள் வீட்டுப் போர்டிகோவிலும் ஒன்று வைத்தேன், அவருடைய புதுக் காரின் டயருக்குப் பின்னால்.

காலையில் எடுத்துப் பார்த்தேன். மண்டபத்துக் கீழறை அப்பளத்தைத் துணி மாதிரி மடிக்கலாம். கட்டுத்தறியிலும் மோட்டார் கொட்டகையிலும் அதே கதைதான். புளியமரத்தடியில் வடிகட்டி உருண்டு கிடந்தது, காக்கை தின்றுவிட்டது. அந்த மரத்தடியில் நின்றிருந்தால் எச்சத்தாலேயே கார் நாசமாகியிருக்கும். போர்டிகோ அப்பளம் மட்டும் படக்கென்று உடைந்தது. உடைந்து என்ன செய்ய? அங்கேதான் மகாராஜா வண்டி நிற்கிறதே.

டீக்கடையிலிருந்து வந்த மகாராஜா முகம் வெளுத்து நின்றார். "வசந்தா, ஊருக்குள்ள ஆரோ செய்வினை வெக்கறாங்களாம். மண்டபத்துல, மோட்டார் ரூமுல, அப்பளமாக் கெடந்துதாம். நம்ம போர்டிகோவுலகூட ஒண்ணு இருந்ததப் பாத்தேன். பூசாரிய வரச் சொல்லட்டுமா?"

"வரச் சொல்லுங்க. வாரப்ப ரெண்டு கட்டு அப்பளம் வாங்கியாரச் சொல்லுங்க," என்றேன். முந்தானையை வாயில் வைத்து அடக்கியும் சிரிப்பு வெடித்துவிட்டது.

கார் பட்டறையில் கிடக்க, அந்த வாரம் சேலை கொடுப்பதற்காகப் பஸ்ஸேறி நாமகிரிப்பேட்டையில் கந்தம்மாள் அக்காவிடம் போனேன். அவர் மஞ்சள் மண்டி வைத்திருக்கிறார். குடோனுக்குள் நுழைந்ததும் உடம்பே லேசானது மாதிரி இருந்தது. தரை ரோட்டைவிட மூன்றடி உயரம், வண்டி ஏறச் சாய்தளம். கீழும் மேலும் சுவரில் வரிசையாகக் காற்றுத் துவாரங்கள். கூரையில் காற்றாடி சுற்றிக்கொண்டே இருந்தது. பைக்குள் மிச்சமிருந்த ஓர் அப்பளத்தை மூட்டைமேல் வைத்துவிட்டு, ஊரெல்லாம் சுற்றிச் சேலை விற்றுச் சாயங்காலம் வந்து எடுத்தேன். அன்று மதியம் வெளியே ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. அப்பளம் கையில் நொறுங்கியது. அங்கேயே தின்றுவிட்டேன்.

"அக்கா, உங்க குடோன்ல ஒரு மூலை குடுங்க. தை வரைக்கும் என்ற கார் இங்கதான் நிக்கோணும்."

கந்தம்மாள் அக்கா கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "குடுக்கறேன் கண்ணு. ஆனா ஒண்ணு. மஞ்சளுக்கு ஈரம் பட்டாப் பூசணம் புடிச்சுரும். ஈர டயரோட ஒரு வண்டி இந்தப் படிய ஏறக் கூடாது. நனைஞ்சுதுன்னா மொதல்ல ஓட்டிக் காய வெச்சு, தொடச்சுட்டுத்தான் உள்ள வரோணும். மஞ்சளுக்கு என்ன சட்டமோ, உன்ற காருக்கும் அதே சட்டம்."

அந்தச் சட்டம்தான் என் காரைக் காப்பாற்றியது. சென்றாயன் தகடு ஒட்டி, துருப் பிடிக்காமலிருக்க அடியில் கறுப்பு மருந்து அடித்துக் கொடுத்தார். எங்கள் ஊர் ஆயிரம் அடி போர்த் தண்ணீர் உப்பு. வாளியே வெள்ளை பூத்துவிடும். அந்தத் தண்ணீரைக் காரின் பக்கமே கொண்டுபோகவில்லை. தொட்டியில் பிடித்த மழைத் தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்தேன். ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டைக்கூடத் தகட்டில் வைக்காமல் கண்ணாடியில்தான் வைத்தேன். சாமி கோபித்துக்கொள்ளவில்லை.

கஷ்டம் இல்லாமல் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து குடோன் ஏழு கிலோமீட்டர். காலையில் டவுன் பஸ் ஏறிப் போய்க் காரை எடுத்து, சேலை விற்று, துடைத்து நிறுத்திவிட்டு மறுபடி பஸ்ஸில் வீடு வர வேண்டும். "பஸ்ஸேறிப் போயி காரெடுக்கற மகராசி, இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்திதான்," என்று அவர் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி சொல்வார். நனைந்த சேலையோடு பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த நாட்களில், எதற்கு இந்த வம்பு என்று எனக்கே தோன்றியதுண்டு. ஆனால் சாவி என் பையில் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

தை பிறந்தது. எஃப்சி காட்டும் நாளில் அவரும் கூடவே வந்தார். நான் தோற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம்! புது வேட்டி வேறு.

ஆபீசர் சின்ன வயசுக்காரர், ஆனால் கெட்டி. லைட்டைப் போடச் சொன்னார், ஹாரனை அடிக்கச் சொன்னார், பிரேக்கைச் சோதித்தார். பிறகு ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் குனிந்தார். டொக். டொக். சென்றாயன் ஒட்டிய இடத்தில் அழுத்திக் குத்தினார். உள்ளே போகவில்லை. கதவு ஓரத்தில் விரலால் தடவினார், விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. டிரைவர் பக்க மிதியடியைத் தூக்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏம்மா, பதினஞ்சு வருஷ வண்டி, அடைமழைக்கு அப்புறமும் இப்படிக் காய்ஞ்சு கிடக்கு. எங்க நிறுத்துறீங்க?"

"மஞ்ச மண்டியிலங்க."

அவர் உள்ளே தலையை விட்டு முகர்ந்து பார்த்தார். "அதான் கல்யாண வீடு மாதிரி வாசம் வருது," என்று சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார். இன்னும் ஐந்து வருடம்!

நான் கத்தவில்லை, குதிக்கவில்லை. காரில் உட்கார்ந்து ஹாரனை அழுத்தினேன். எஃப்சி மைதானத்தில் நின்ற லாரிக்காரர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். நன்றாகப் பார்க்கட்டும் என்று இன்னொரு தடவை அழுத்தினேன். பக்கத்து சீட்டில் என் வீட்டுக்காரர் புது வேட்டியின் மடிப்பை நீவிக்கொண்டே வந்தார். வழியில் சென்றாயனின் பட்டறையில் நிறுத்தி எல்லோருக்கும் டீ சொன்னேன். அன்றைக்குச் சிரித்த நாலு பேரில் மூன்று பேர் இருந்தார்கள். "என்னங்ணா, புது வண்டிக்கு உமி மெத்தை ரெடியா?" என்று ஒருவர் கேட்டார்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பேச்சு பெரிதாக இருந்தாலும் சொன்ன வாக்கை மீற மாட்டார். வீட்டுக்கு வந்ததும் புதுக் காரைப் போர்டிகோவிலிருந்து பின்னால் எடுத்தார். கோழி செட்டுப் பக்கம் போனது. நான் என் மாருதியை ஏற்றி, பழைய இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அதற்கு முன்னால் நான்கு டயரையும் துடைத்தேன். சட்டம் சட்டம்தான்.

வெகுநேரம் அவர் திரும்பவில்லை. எட்டிப் பார்த்தேன். புதுக் கார் செட்டு வாசலில் பாதி உள்ளே, பாதி வெளியே நின்றது. அவர் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு உமியைக் காலால் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக நடந்து சமையலறைக் கதவருகே வந்து நின்றார்.

"வசந்தா," என்றார். முப்பது வருடத்தில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. "ஒரு நாலு அப்பளம் பொரிச்சுக் குடேன். எடம் பாக்கோணும்."

அப்பளக் கட்டும் எண்ணெய்ப் புட்டியும் மேடையிலேயே இருந்தன. இரண்டையும் அவர் பக்கம் நகர்த்திவிட்டு, கார் சாவியையும் சேலைப் பையையும் எடுத்துக்கொண்டேன்.

"நீங்களே பொரிச்சுக்குங்க. எனக்கு வேலை கெடக்குது, போயிட்டு வாரேன்."