தேய்த்த பக்கத்து மழை

மயிலம்மாள் மதியழகனுக்குத் தர வேண்டியது ஆறாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய். மகள் பிரசவத்துக்கு வாங்கின முன்பணம். வாரக்கூலியில் பிடித்தும் பிடித்தும் தீராமல் கிடந்தது.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் அவளுக்குப் பட்டி தேய்க்கிற வேலை. மேடுபள்ளம் மறையப் பட்டி பூசின தகட்டைத் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். உள்ளங்கையால் தடவினால் ஒரு பொட்டு மேடு தட்டக் கூடாது. அப்புறம்தான் அங்கே பெயிண்ட் வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்து அவளுக்குக் கூலி தரும் மதியழகன் பிரஷ்ஷைத் தொடுவான். அவன் வரைகிற அருவிக்கும் அன்னத்துக்கும் ஆந்திரா வண்டிக்காரர்கள்கூடக் காத்துக் கிடப்பார்கள்.

போன மாதம் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வீட்டுக் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போனவனை, அங்கே மேசையில் கிடந்த பெரிய புத்தகம் பிடித்துக்கொண்டது. அயர்லாந்து ஓவியர் ஒருத்தரின் படங்கள். வாலிபத்தில் குதிரை வண்டியும் துறைமுகமும் கோடு பிசகாமல் வரைந்தவர், வயசாக ஆகக் கோட்டையே கைவிட்டு, கத்தியால் வண்ணத்தை அப்பி அப்பி மழையும் கடலுமாக இழுத்திருந்தார்.

“அதே கைதானுங்க்கா. துணிஞ்சு மாத்தியிருக்காரு” என்றான் மதியழகன், திரும்பி வந்து மயிலம்மாளிடம்.

“நல்லா ஓடிட்டிருக்கறதை எதுக்குச் சாமி மாத்தோணும்?”

“என் அன்னத்தைப் பார்த்தா எனக்கே கொட்டாவி வருது.”

பட்டறை லீவான ஞாயிற்றுக்கிழமை, வெங்கடாசலத்தின் லாரிப் பின்கதவில் பட்டி பூசுகிற தகட்டாலேயே வண்ணத்தை அப்பிக் கொல்லிமலை மழையை வரைந்தான். முதலில் மஞ்சள், மேலே நீலம். காயட்டும் என்று விட்டுவிட்டு, அந்த வீட்டின் மிச்ச வேலைக்குச் சேலம் போய்விட்டான். யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று நாளாக வேறு வண்டியில் தேய்த்துக்கொண்டிருந்த மயிலம்மாள் வியாழக்கிழமை இந்த வண்டிக்கு வந்து பின்கதவைத் தடவிப் பார்த்தாள். ஒரே மேடு. மிச்ச பெயிண்டைக் கலந்து எவனோ பட்டியைப் பூசிக் கெடுத்திருக்கிறான் என்று திட்டிக்கொண்டே உப்புத்தாளை நனைத்தாள். பாதி தேய்த்திருப்பாள், பின்னால் பைக் நின்றது.

“அது என் படங்க்கா” என்றான் மதியழகன்.

அவள் கை நின்றது. குரல் இறங்கவில்லை. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணும் சாமி. லாரியில மேடு இருந்தா அது என் வேலை.”

“அப்ப வேலையே வேண்டாம். முன்பணத்தை வெச்சுட்டுப் போங்க.”

வீட்டில் அறுநூறு ரூபாய்கூட இல்லை. அவள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்து வெங்கடாசலம் வண்டியைப் பார்க்க வந்தார். பின்கதவை விட்டு நாலடி தள்ளி நின்று பார்த்தார்.

“ஏப்பா மதி, இந்தப் பக்கம் மழை பெய்யுது. அந்தப் பக்கம் எதுக்குச் சேத்தை வாரி அடிச்சு வெச்சிருக்கே?”

அவர் மழை என்றது தேய்த்த பக்கத்தை. மதியழகன் கிட்டே போய்ப் பார்த்தான். நீலம் மெலிந்து, அடியில் இருந்த மஞ்சள் சாயங்கால வெயில் மாதிரி கசிந்திருந்தது. அந்த அயர்லாந்துக்காரரும் அப்பினதைச் சுரண்டிச் சுரண்டித்தான் வரைவார் என்று புத்தகத்து வீட்டுக்காரர் சொன்னது அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

“அடுத்த வண்டிக்கும் இதே மழைதான் வேணும்” என்றார் வெங்கடாசலம்.

மதியழகன் கீழே கிடந்த உப்புத்தாளை எடுத்து நீட்டினான். “அந்தப் பக்கமும் தேய்ங்க்கா. நான் சொல்ற எடத்துல நிறுத்தோணும்.”

மயிலம்மாள் வாங்கவில்லை. “பட்டி தேய்ச்சா பட்டிக் கூலி. படம் தேய்ச்சா?”

வெங்கடாசலம் சிரித்துவிட்டார். “கேக்கறது நாயந்தானப்பா.”

“முன்பணத்துல கழிச்சுக்கலாங்க்கா.”

“எவ்வளவு?”

மதியழகன் படத்தை இன்னொரு தடவை பார்த்தான். “முழுசும்.”

அவள் உப்புத்தாளை வாங்கி வாளித் தண்ணீரில் முக்கினாள்.