எட்டாவது கட்டம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு படிவத்தின் எட்டாவது கட்டத்தில் பிறந்தது. வீட்டில் எல்லோரும் அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் என்னதான் வேலை பார்க்கிறாய் என்று கேட்கிறீர்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றால் போதவில்லை. சரி, கதையாகச் சொல்லிப் பார்க்கலாம். நான் சொல்லச் சொல்லக் கைபேசி எழுதிக்கொள்கிறது. மெல்லத்தான் சொல்ல முடியும், ஐந்து பேர் தூங்குகிறார்கள்.

மதியத்தில் இந்த அறை தண்ணீருக்கடியில் இருப்பதுபோல்

(வேண்டாம். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பஞ்சு இதில் இல்லை.)

பஞ்சுவுக்கு மூன்று வயது. நடக்க மாட்டாள், பேச மாட்டாள், தானாக

(இதுவும் வேண்டாம்.)

நீலத் திரைச்சீலை மூச்சு விடுவதுபோல் ஆடுகிறது. கூரையில் வெளிச்சம் ஊர்கிறது. மற்ற பிள்ளைகள் தூங்க, ஆறாவது ஆளான பஞ்சு மட்டும் அந்த வெளிச்சத்தைப் பார்த்து, அது ஏதோ சொன்னதுபோல் சிரிக்கிறாள். பஞ்சு என்பது அவள் தலைமுடிக்காக நாங்கள் வைத்த பெயர்.

இது இருக்கட்டும்.

2

பஞ்சுவுக்கு ஊட்டுகிறவளைச் சின்ன மிஸ் என்று வைத்துக்கொள்வோம். ‘நான்’ என்று சொன்னால் குரல் நடுங்குகிறது.

ஒரு வேளை ஊட்ட நாற்பது நிமிடம். தலையை ஒரு கையில் தாங்கி, விழுங்கினாளா என்று தொண்டையைப் பார்த்து, பிறகுதான் அடுத்த வாய். அதுவரை மற்ற ஐந்து பேரையும் பெரிய மிஸ் ஒற்றை ஆளாக மேய்ப்பாள். காப்பகத்தை நடத்துகிறவள் அவள்தான். முட்டிவலி வேறு. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இன்னொரு ஆளை வைத்துக்கொள்ள அரசு உதவித்தொகை தரும். அதற்குத்தான் அந்தப் படிவம். கிடைக்காவிட்டால் மாதக் கடைசியோடு பஞ்சுவுக்கு இங்கே இடமில்லை. அவள் அம்மாவுக்குச் சலவைக்கூடத்தில் வேலை. ஏற்கெனவே நான்கு காப்பகத்தில் கேட்டு, நான்கிலும் கையை விரித்துவிட்டார்கள்.

குழந்தையின் ஒரு நாளை விவரிக்கவும் என்றது எட்டாவது கட்டம். சின்ன மிஸ் விவரித்தாள். பஞ்சு ஒருநாள் கரண்டியைத் தானே பிடித்து வாய்க்குக் கொண்டுபோனதை, கதவுச் சத்தம் கேட்டாலே அம்மா என்று கண்டுபிடிப்பதை. முன்பின் தெரியாதவர் ஒரு பிள்ளையைப் பற்றி விசாரித்தால் குறையையா சொல்வோம்? என்னைப் பற்றி யாராவது கேட்டால், அம்மா, நீ என்ன சொல்கிறாய்?

அதிகாரியிடமிருந்து பதில் வந்தது. குழந்தை நன்கு முன்னேறுகிறாள், கூடுதல் ஆள் தேவைப்படவில்லை.

பெரிய மிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“உதவி கேட்டு எழுதச் சொன்னா, புகழ்மாலை கட்டி வச்சிருக்கியேடி.”

புதன்கிழமைக்குள் இன்னொரு முறை எழுதலாமாம். அவர்களுக்கு வேண்டியது நல்ல நாள் இல்லை, இருப்பதிலேயே மோசமான நாள் என்று பொறுமையாக விளக்கினாள்.

3

(கொஞ்சம் கதையை விட்டு வெளியே வருகிறேன். கதையும் அந்த அதிகாரி மாதிரிதான். பஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துச் சிரித்தாள் என்றால், சரி, அப்புறம் என்கிறது. அவளுக்கு ஏதாவது நடந்தால்தான் நிமிர்ந்து உட்காருகிறது. நீங்களும் இப்போது நிமிர்ந்திருப்பீர்கள். கோபமில்லை. நானும் அப்படித்தான் கதை கேட்பேன்.)

4

மோசமான நாள் ஒன்று இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை.

அன்றைக்குச் சின்ன மிஸ் நன்றாகத்தான்

(மூன்று தடவை அழித்தேன். நேராகச் சொல்கிறேன்.)

ஊட்டிக்கொண்டிருக்கும்போது வேறொரு பிள்ளை விழுந்து அலறியது. சின்ன மிஸ் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். மறுபடி பார்ப்பதற்குள் பஞ்சுவுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. சத்தமே இல்லை. கனவில் கத்துகிறவளைப்போல வாய் மட்டும் திறந்திருந்தது. உதடு நீலமாகிக்கொண்டே வந்தது. குப்புறச் சாய்த்து முதுகில் தட்டினாள். ஐந்தாவது தட்டில் அடைத்தது வெளியே வந்து பஞ்சு அழுதாள். அப்படி ஓர் இனிமையான அழுகையைச் சின்ன மிஸ் கேட்டதில்லை.

சாயங்காலம் பஞ்சுவின் அம்மா வந்தபோது, லேசாகப் புரையேறிவிட்டது, இப்போது சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னாள்.

அந்த நாள்தான் இப்போது எட்டாவது கட்டத்தில் முழுசாக இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் படித்துப் பார்த்து பஞ்சுவின் அம்மா கையெழுத்துப் போட வேண்டும்.

5

ஒரு முடிவு: அம்மா படிக்காமலே கையெழுத்துப் போடுகிறாள், வேலைக்கு நேரமாகிவிட்டது. (எனக்கு இதுதான் வசதி. அதனாலேயே நம்ப முடியவில்லை.)

இன்னொன்று: படித்துவிட்டுப் பஞ்சுவைத் தூக்கிக்கொண்டு போகிறாள், திரும்பி வருவதில்லை.

நடந்தது வேறு. அதுவும் பாதிதான் தெரியும்.

பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால் நெஞ்சில் இடிக்க, விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். நீலம் என்ற இடத்தில் விரல் நின்றது.

“புரையேறிச்சுன்னுதானே மிஸ் சொன்னீங்க.”

“ஆமாங்கக்கா.”

“இவ்வளவுன்னு சொல்லலையே.”

“பயந்துட்டேன்க்கா. சொன்னா கூட்டிட்டுப் போயிடுவீங்கன்னு.”

அம்மாவின் விரல் மறுபடி நகர்ந்து கடைசிவரைக்கும் போனது.

“இதைப் படிச்சா யாரு வீட்டுப் பிள்ளையோன்னு இருக்கு. என் பொண்ணு இதுல ஒரு இடத்துலகூட இல்லையே.”

முதலில் எழுதியதில் இருந்தாள் என்று சின்ன மிஸ்ஸுக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

கடைசிப் பக்கத்தின் அடியில், பெற்றோர் கூற விரும்புவது என்று நான்கு வெற்றுக் கோடுகள். அம்மா பேனா கேட்டாள். பரீட்சையில் பக்கத்துப் பெண் எட்டிப் பார்த்துவிடுவாள் என்பதுபோல இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். உறையில் போட்டு ஒட்டினாள். தபாலில் தானே போட்டுவிடுவதாகச் சொல்லி எடுத்துக்கொண்டு போனாள்.

அது நேற்று. இன்று காலை வழக்கம்போல் பஞ்சுவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். உறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை.

அந்த நான்கு வரியை நான் எழுதப் போவதில்லை, நான் அவள் அம்மா இல்லை. நீங்கள் எழுதுங்கள். உதவியும் கிடைக்க வேண்டும், பஞ்சுவும் அதில் இருக்க வேண்டும். கோட்டுக்கு வெளியே எழுதினால் படிக்க மாட்டார்களாம்.

. . . . . . . . . . . . . . . . . . . .

. . . . . . . . . . . . . . . . . . . .

. . . . . . . . . . . . . . . . . . . .

. . . . . . . . . . . . . . . . . . . .