எஃபுவா மிஸ்ஸின் புள்ளிகள்

லண்டனின் பார்க்கிங் என்ற ஊரில் சனிக்கிழமைகளில் நடக்கும் பெரியவர்களுக்கான கணித வகுப்பில் நாங்கள் பதினொரு பேர். எட்டுப் பேர் யாழ்ப்பாணத்து அம்மாக்கள். நான்தான் இளையவள், பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள். சந்தேகம் வந்தால் வாய் திறக்காமல் தாளில் எழுதிக் கொடுப்பேன். எஃபுவா மிஸ் விடையையும் அதன் கீழேயே எழுதித் தருவார்.

அந்தக் கட்டடத்தில் கணிதம் படிப்பிக்கும் ஒரே கறுப்பினப் பெண் அவர். அடுத்த வருடப் பரீட்சை வகுப்பை அவருக்குக் கொடுப்பதா என்று பார்க்க, நிர்வாகம் எங்களிடம் ஒரு படிவம் தந்தது. ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி போட வேண்டும்.

எப்போதும் எங்களைச் சிரிக்க வைக்கும் மிஸ் மறுவாரம் பகிடி ஒன்றும் விடவில்லை. இடைவேளையில் என்னிடம் முடிவைக் காட்டினார். எட்டுப் படிவங்களில் எல்லாமே ஒன்று, மற்ற மூன்றில் ஐந்து. சராசரி இரண்டுக்குச் சற்று மேல்.

"நான் பல்கலைக்கழகத்தில் படித்தபோது என்னைப் பார்த்து, இது கணித வகுப்பு, உன் வகுப்பு எங்கே என்று கேட்பார்கள்," என்றார். "அவர்கள் சொன்னதை நான் நம்பியதில்லை. நீங்கள் சொன்னால் நம்பத்தானே வேண்டும்?"

எட்டு என்றதும் நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்த அம்மாக்களிடம் ஓடினேன்.

"அன்ரி, மிஸ்ஸுக்கு எத்தினை போட்டனீங்கள்?"

"ஒண்டுதான்," என்றார் சிவனேஸ்வரி அன்ரி பெருமையாக. "இவ்வளவு வடிவாப் படிப்பிக்கிற மனுசிக்கு முதலாமிடம் குடுக்காமல் அஞ்சாமிடமே குடுக்கிறது?"

"இஞ்ச அஞ்சுதான் நல்லது, அன்ரி."

யோகமலர் அன்ரியின் பிஸ்கட் தேநீருக்குள் விழுந்தது.

"ஐயோ, மனுசியைக் கடைசியாக்கிப் போட்டமே! நீ போய்ச் சொல்லு பிள்ளை. உனக்குத்தான் இங்கிலீஷ் ஓடும்."

"எனக்கு ஏலாது."

"நாங்கள் பின்னால நிக்கிறம். நட!"

கல்விப் பொறுப்பாளரின் அறையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமா!" என்று பின்னாலிருந்து முதுகில் குத்தினார்கள். இரண்டாம் தடவை சத்தமாகவே சொன்னேன்: "எங்கள் பள்ளிக்கூடங்களில் ஒன்று என்றால் வகுப்பிலேயே முதல் ஆள். இவர்கள் மிஸ்ஸுக்கு முதலிடம் கொடுத்திருக்கிறார்கள்."

அவர் எட்டு முகங்களையும் பார்த்தார். புதுப் படிவங்களை எடுத்துத் தந்தார். அம்மாக்கள் அவற்றைச் சுவரில் வைத்து, அங்கேயே நின்று நிரப்பினார்கள். சிவனேஸ்வரி அன்ரி ஐந்தைச் சுற்றி மூன்று வட்டம் போட்டார்.

பரீட்சை வகுப்பு பின்னர் மிஸ்ஸுக்கே கிடைத்தது. அன்று நாங்கள் வகுப்புக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னதும் அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பலகையில் எட்டு ஒன்றுகளையும் மூன்று ஐந்துகளையும் எழுதினார்.

"சரி, இதன் சராசரி எப்படி வந்தது? யார் சொல்வீர்கள்?"

நான் கையை உயர்த்தினேன்.