லேப்டாப்புக்கு வரன் பார்த்த நாள்

வள்ளியூரில் பழைய லேப்டாப்புக்குப் புது நெட்வொர்க் கார்டு போடுவதென்றால் பெண் பார்த்துத்தான் போட வேண்டும். கடையில் வாங்கி வந்து நேரே செருகிவிட முடியாது. கார்டுகளுக்குச் சொந்த வீடு இல்லாததால் தரகரே அவற்றைச் சட்டைப் பையில் போட்டு மாப்பிள்ளை வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவார். மாப்பிள்ளை என்பது லேப்டாப்.

எங்கள் வீட்டு லேப்டாப்புக்கு என்னைவிட வயது அதிகம். பேட்டரி நிற்காது. கரண்ட் இருக்கும்வரைதான் உயிர். அதற்குள் இருந்து வைஃபையை இழுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த கார்டு போன வருஷம் செத்துப்போனது. அன்றைக்கே வேறு போட்டிருக்கலாம். வருஷம் திரும்பாமல் வீட்டில் நல்ல காரியம் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். ஆக, நான் ப்ளஸ் டூ முழுக்க நெட் இல்லாமல் படித்தேன். அதற்கு யாரும் துக்கம் அனுசரிக்கவில்லை.

வருஷம் திரும்பிய மறுநாள்தான் எனக்கு எந்தக் காலேஜ் வேண்டும் என்று நெட்டில் பதிவதற்குக் கடைசி நாள். எனக்குக் கோயம்புத்தூர் வேண்டும். அங்கே எங்கள் சொந்தக்காரர்கள் ஒருவர்கூட இல்லை, அதனால்தான். சாயங்காலத்துக்குள் பதியாவிட்டால் சித்தப்பாவின் பாத்திரக் கடையில் பில் போட வேண்டியதுதான். எனக்கென்று ஸ்டூல்கூட வாங்கிப் போட்டுவிட்டார்கள்.

போனில் பதியலாமே என்று கேட்பீர்கள். வீட்டில் இருப்பது ஒரே போன். அது அப்பாவின் இடுப்பில் இருக்கும். அதைக் கேட்பது அவருடைய கிட்னியைக் கேட்பது மாதிரி. பிரௌசிங் சென்டரில் இப்போது செருப்பு விற்கிறார்கள்.

காலையில் தரகர் வைகுண்டமணி வந்தார். அம்மா லேப்டாப்பைத் துடைத்து, மூடிக்கு விபூதி வைத்து, நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருந்தாள். நான் தரையில் உட்கார்ந்தேன்.

"அண்ணாச்சி, மொதல்ல இத பாருங்க. நல்ல வேகம், புதுசு," என்று தரகர் ஒரு கார்டை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தார்.

லேப்டாப் திரையைப் பாதி திறந்து பார்த்தது. 'அகலம் ஜாஸ்தி. நம்ம வீட்டு வாசலுக்குள் நுழையாது' என்று எழுத்து வந்தது.

அது உண்மைதான். எங்கள் லேப்டாப்பில் கார்டு செருகுகிற இடம் ரொம்பச் சின்னது.

இரண்டாவது கார்டு அளவாக இருந்தது. தாம்பாளத்தில் வைத்தவுடன் பக்கத்து வீட்டு வைஃபை, மாடி வீட்டு வைஃபை, பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டல் வைஃபை எல்லாவற்றையும் பேர் சொல்லிக் கூப்பிட்டது. எனக்குப் பிடித்துவிட்டது.

லேப்டாப் பூர்வீகம் கேட்டது. தரகர் கார்டைத் திருப்பி முதுகில் இருந்த எண்ணைக் காட்டினார். லேப்டாப் வாசித்துவிட்டுத் திரையை இருட்டாக்கிக்கொண்டது.

"என்னவாம்?" என்றாள் அம்மா.

"நம்ம ஆளுக இல்லையாம்," என்றார் அப்பா. "அதே ஊரு, அதே பேக்டரிதான். ஆனா வேற லைன்ல செஞ்சதாம்."

"சிக்னல் பிடிக்குதுல்லா? அது போதாதா?" என்று கேட்டேன்.

"ஏட்டி சுபலதா, வாய மூடு. சிக்னல் யாரு வேணாலும் பிடிப்பா. நாளைக்கு நாலு பேரு கேட்டா என்ன பதில் சொல்ல?" என்றார் அப்பா.

இந்த நாலு பேரை நான் பிறந்ததிலிருந்து தேடுகிறேன். ஒருத்தன்கூட வீட்டுக்கு வந்து எதையும் கேட்டதில்லை.

தரகரும் அப்பாவும் வெற்றிலை போட வாசலுக்குப் போனார்கள். நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். வயரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, லேப்டாப்பைக் குப்புறப் போட்டு அடிமூடியைத் திறந்தேன். அந்த இரண்டாவது கார்டைச் சாய்வாகச் செருகி, மெதுவாக அழுத்தி, திருகாணியை முடுக்கினேன். கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய ஆன்டெனா வயர்கள் உள்ளே கிடந்தன. அவற்றைக் கார்டின் தலையில் பொத்தான் மாதிரி அமுக்கி மாட்டினேன். மூடி, கரண்ட் வயரை மறுபடி மாட்டி ஆன் செய்தேன்.

'உள்ளே வேற்றாள் இருக்கிறது. அதை வெளியே அனுப்பாமல் நான் எழுந்திருக்க மாட்டேன்' என்று லேப்டாப் எழுதியது. அதோடு நின்றுவிட்டது. எந்தப் பட்டனைத் தட்டியும் பயனில்லை. கரண்ட் வேண்டாம் என்று வயரைக்கூடத் துப்பிவிட்டது.

அம்மா அழுதாள். அக்கம்பக்கத்தில் இருந்து வந்து லேப்டாப்பிடம் சமாதானம் பேசினார்கள். "பச்சப்புள்ள, தெரியாமப் பண்ணிட்டா," என்றார்கள். எல்லாம் தெரிந்துதான் பண்ணினேன் என்று சொன்னேன். கார்டைக் கழற்று என்று அப்பா கத்தினார். கழற்றினேன். அது என் உள்ளங்கையில் சூடாக இருந்தது. பிறகு கையில் இருந்து இறங்கி வாசல் வழியே நடந்து போய்விட்டது. தரகர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குள் மத்தியானம் தாண்டியிருந்தது. தரகர் மடியில் இருந்து மூன்றாவது கார்டை எடுத்தார். ஒரு ஓரம் துருப்பிடித்திருந்தது.

"இது சொந்தத்துலயே இருக்கு அண்ணாச்சி. செத்துப்போனதுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. ஒரே லைன்."

லேப்டாப் தானாகவே வயரை இழுத்து மாட்டிக்கொண்டு பிரகாசமாக எரிந்தது.

"இப்பவே போட்டுருவோம்," என்றேன்.

"எமகண்டம் கழியட்டும்," என்றார் அப்பா.

கழிந்தது. ராகு காலம் வந்தது. அதுவும் கழிந்தது. பாயசம் கொதித்தது. கார்டைச் செருகி, வெள்ளை வயரை அம்மாவும் கறுப்பு வயரை அப்பாவும் பிடித்து மாட்டினார்கள். எல்லோரும் அரிசி போட்டதில் நாலைந்து மணி விசைப்பலகைக்குள் விழுந்துவிட்டது. திரை ஓரத்தில் வைஃபை படம் வந்தது. அதன் மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி.

"நெட் வரலையே," என்றேன்.

"வந்த அன்னைக்கேவா வரும்? போகப் போகச் சரியாயிரும்," என்றாள் அம்மா.

"இது எந்த சிக்னலையும் பிடிக்கல. பக்கத்து வீட்டுதயே பிடிக்கல."

"அடக்கமான பிள்ள, கண்டவங்கள ஏறெடுத்துப் பாக்காது," என்றார் தரகர், பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே. எல்லோரும் தலையாட்டினார்கள். அக்கம்பக்கத்தில் இருந்து வந்தவர்கள் கார்டின் குடும்பத்தைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். வெளியே இருட்டிவிட்டது. என் கோயம்புத்தூர் போனது.

மறுநாள் காலையில் பாத்திரக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது தெருவை மறித்து ஒரு காலேஜ் வந்து நின்றது. யாருமே தேர்ந்தெடுக்காத காலேஜ். மூன்று மாடி, தூத்துக்குடி பக்கம். அதுவாகவே பெண் பார்க்க வந்திருந்தது. முகப்பில் மல்லிகைச் சரம் தொங்கியது.

"ஏட்டி, ஓடிப்போய் தலைய சீவு," என்றாள் அம்மா.

"மாட்டேன். பாக்கப் போறது நான்தான்," என்றேன்.

வாசலில் நின்று அதை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். லேப் இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டாம் மாடியில் ஒரு ஜன்னல் மெதுவாகச் சாத்திக்கொண்டது. வாத்தியார்கள் வருவார்களா என்று கேட்டேன். மீதி ஜன்னல்களும் சாத்திக்கொண்டன.

"பிள்ள வெக்கப்படுது. தெருவுல நிக்க வச்சுப் பேசாத, உள்ள கூப்பிடு," என்றார் அப்பா.

கூப்பிட்டேன். காலேஜ் தன் அஸ்திவாரத்தைக் கழற்றி எங்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு, தலையைக் குனிந்து உள்ளே வந்தது.