தண்ணீர் தெளித்த பட்டாணி

கடைக்காரி முட்டைக்கோசின் வாடிய மேல் இலைகளை உரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது சித்தி வந்து நின்றாள். கடைக்காரிக்கு அவள் சித்தியல்ல, மகளுக்குத்தான். கடைக்காரி வேண்டாம் என்று உதறிவிட்டு வந்த புருஷன் மறுபடி கட்டிக்கொண்டவள். அவளைச் சித்தி என்று கூப்பிட மகளுக்கு வாய் வருகிறதே என்பது கடைக்காரிக்கு நெஞ்சில் தைத்த முள். தெருவில் எதிர்ப்பட்டால் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் வழக்கம். ஆனால் குளிர் போய் முதல் பட்டாணி இறங்கியிருக்கிறது, நாளைக்கு விடுமுறை, வீட்டுக்கு வீடு விருந்து. பக்கத்தில் வேறு எந்தக் கடையிலும் சரக்கு இல்லை. விருந்து வந்தால் வீம்பும் பறந்துவிடும்போல.

"பட்டாணி ரெண்டு கிலோ. புது உருளை, முள்ளங்கி, அந்த இளங்கீரையும். நல்லதா பாத்துக் குடுங்க."

"இங்க கெட்டது விக்கிறதில்ல."

"அதுக்குச் சொல்லல. நாளைக்குப் பொண்ணு சாப்பிட வரா. உரிக்க உரிக்கப் பாதியப் பச்சையாவே தின்னுருவா, தெரியுமில்ல?"

தெரியுமில்லவாம்! பெற்றவளிடம் கேட்கிறாள். முந்தாநாள்தான் மகள் போனில், "லீவு நாள்லயும் டூட்டி போட்டுட்டாங்கம்மா, வர முடியாது" என்று சொல்லியிருந்தாள். கடைக்காரியும் அதை நம்பி, அவள் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, ஒருத்திக்கு என்ன விருந்து என்று சமையல் நினைப்பையே விட்டிருந்தாள். அப்படியானால் டூட்டி என்றது பொய். இவள் காய் வாங்க வரவில்லை, ஜெயித்ததைக் காட்ட வந்திருக்கிறாள்.

"முன்னால இருக்கறது ஆர்டர் சரக்கு. உள்ள இருக்கு, எடுத்துட்டு வரேன்" என்றாள்.

உள்ளே மூலையில் இருந்தது பழைய மூட்டை, பண்ணையிலிருந்து வந்து நாலு நாளாகியிருந்தது. மாட்டுக்காரருக்குக் கொடுக்க ஒதுக்கி வைத்தது. பட்டாணிக்கு ஆயுள் குறைவு. பறித்த மறுநாளே தித்திப்பு போய் மாவாகத் தொடங்கும். ஆனால் தண்ணீரைத் தெளித்து ஈரத் துணியில் உருட்டினால் மேல்தோல் விறைத்துக்கொண்டு நிற்கும். ஊரில் பாதிக் கடைகள் அப்படித்தான் பிழைக்கின்றன. அவள் செய்ததில்லை. அன்று செய்தாள். அள்ளி எடை போட்டு முன்னால் கொண்டுவந்து வைத்தாள். சித்தி ஒரு காயை எடுத்துப் பார்த்து, "பளபளன்னு இருக்கு" என்று சந்தோஷமாகப் பையில் போட்டுக்கொண்டு போனாள். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. அதைத் தின்னப் போவது யார் என்பது அந்தப் பை தெருமுனை தாண்டிய பிறகுதான் கடைக்காரிக்கு உறைத்தது. ஓடிப்போய் மாற்றிக் கொடுத்திருக்கலாம். போகவில்லை. தின்னட்டும் என்று நின்றாள்.

மறுநாள் மதியம் கடைக்குப் பின்னாலிருந்த அறையில் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அம்மா."

"டூட்டி முடிஞ்சிருச்சா?"

மகளுக்குப் பின்னால் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. ஒரு கதவு சாத்தப்பட்டு அதுவும் நின்றது.

"பட்டாணிக்குத் தண்ணி தெளிச்சியாம்மா?"

கடையிலேயே தவழ்ந்து வளர்ந்தவள். அவளிடம் மறைக்க முடியுமா?

"தெளிச்சேன்."

"நான் சாப்பிட வரேன்னு தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான்."

மகள் மூச்சை இழுத்து விட்டாள். "எவ்வளவு நேரம் வேக வச்சும் வேகல. எந்தக் கடையில வாங்கினன்னு அப்பா தட்டத் தள்ளிவிட்டுக் கத்துனாரு. சித்திதான், 'நாந்தான் நாலு நாள் முன்னாடியே வாங்கி மறந்து வச்சுட்டேன்'னு பழிய ஏத்துக்கிட்டாங்க. உங்கிட்ட வாங்கினேன்னு காலைல எங்கிட்ட சொன்னவங்க, அப்பா முன்னாடி உன் பேரை எடுக்கவே இல்ல."

கடைக்காரிக்கு அதற்காகவும் சித்தியை வெறுக்கத்தான் தோன்றியது. யார் கேட்டார்கள் இந்தப் பெருந்தன்மையை? மிச்ச ரொட்டியைத் தட்டில் போட்டாள்.

"நீ ஏன்டி பொய் சொன்ன?" என்றாள்.

"இங்க வரேன்னு சொன்னா நீ என்ன செய்வேன்னு தெரியும்மா" என்றாள் மகள்.

இருவரும் போனை வைக்கவில்லை. பிறகு மறுமுனையில் ஒரு பட்டாணிக்காய் பிளக்கும் சத்தம் கேட்டது. மகள் மென்றாள், மெதுவாக, நெடுநேரம். துப்பவில்லை.