இறங்காத பந்து

தவக்காலத்துக்கு முந்தின செவ்வாயன்று ட்ரெவேலின்காரன் ரிதெர்க் மேலே எறிந்த பந்து கீழே வரவில்லை. கைக்கு அகப்படாமல் வழுக்க வேண்டும் என்று மாட்டுக்கொழுப்பில் நாள் முழுக்க வேகவைத்த மரப்பந்து அது. ஆற்றங்கரை வெளியில் ட்ரெவேலின், லான்கோரஸ் ஆகிய இரண்டு ஊர் ஆண்களும் வெற்றுடம்போடு அண்ணாந்து நின்றார்கள். குதிரைமேல் ஆட வந்தவர்கள் ஓங்கிய தடியை ஓங்கியபடியே வைத்திருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பூண்டுத்தாள் கஞ்சி குடித்தார்கள். பந்து பட்டாணி அளவில் வானத்திலேயே நின்றது. மறுநாளும் நின்றது.

க்னாப்பன் என்ற இந்தப் பந்தாட்டத்துக்குச் சட்டம் குறைவு. ஆளுக்குக் கணக்கில்லை, அடிக்குக் கேள்வியில்லை. பந்து ஏதாவது ஓர் ஊரின் தேவாலய வாசற்படியைத் தொட்டால் அந்த ஊர் வென்றது. இல்லையென்றால், பந்தை எறிந்தவன் வாய்விட்டு “சமாதானம்” சொல்லித் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் ஒருவனுக்குத்தான் அந்த உரிமை. இன்னொன்றும் உண்டு: எதிரூரில் பிறந்து வாழ்க்கைப்பட்டவள் ஆட்டம் முடியும்வரை பிறந்த வீட்டில் இருக்க வேண்டும், புருஷனோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது. மண்டை உடைந்து வருகிறவனுக்கு எதிரூர்க்காரி கட்டுப்போடுவது இரண்டு ஊருக்கும் பொறுக்காது. அந்த வருடம் அப்படிப் போனவள் ஒருத்திதான், ரிதெர்க்கின் மனைவி லெய்கி. சாயங்காலம் வந்துவிடலாம் என்று அடுப்பில் தணலை மூடிவைத்துவிட்டு ஆற்றுக்கு அக்கரையில் இருந்த லான்கோரஸுக்குப் போயிருந்தாள்.

முதல் வருடம் ரிதெர்க் தினமும் வெளிக்குப் போய்க் கையை விரித்து நின்றான். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். பருந்துகள் பந்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சலித்துப் போயின. ஓட்ஸ் ரொட்டியைத் தானே சுட்டு, கருகின பக்கத்தைத் தானே தின்றான். வீட்டில் பேச ஆளில்லாமல் மாட்டோடு பேசினான். மாடு செத்த பிறகு அதுவும் நின்றது. லெய்கி அக்கரையில் கம்பளி அலச வருவாள். இருவரும் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பார்வையை வைத்துத்தான் அவன் வாரத்தை ஓட்டினான்.

அவள் தம்பி மெய்லிருக்குப் பேசத் தடையில்லை. “மச்சான், கையத் தயாரா வச்சிரு, இப்ப வந்துரும்” என்று ஆற்றைத் தாண்டிக் கத்துவான். அக்கரையே சிரிக்கும்.

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் தோற்றேன் என்று சொன்னவனை ட்ரெவேலின் மன்னித்ததில்லை. ஊர்ப்பெரியவர் கத்வகன் முகத்துக்கு நேராகவே சொன்னார்: “சொல்லிப் பாரேன். அப்புறம் உன் அடுப்புக்கு நெருப்புகூட ஒருத்தனும் தர மாட்டான்.” ரிதெர்க்குக்கும் வீம்பு இருந்தது, அந்தப் பக்கத்திலேயே அவ்வளவு உயரம் எறிந்தவன் அவன்தானே. அப்படியே தாடி நரைத்தது.

ஓர் இளவேனிலில் மெய்லிர் கிண்டல் செய்யாமல் கரையோரம் வந்து நின்றான். “அக்காவுக்குக் கண்ணு மங்கிருச்சு மச்சான். அந்தக் கரையில நீ நிக்கறது தெரியுதான்னு கேட்டேன். மரமா ஆளான்னு தெரியலேங்கிறா.”

அன்று ரிதெர்க் வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறு இரண்டு ஊரும் கரையில் கூடியிருந்த நேரம் தண்ணீரில் இறங்கி, “சமாதானம்” என்றான். குரல் போதவில்லை. மறுபடியும் சொன்னான். லான்கோரஸ் ஆர்ப்பரித்தது. அவன் ஊர்க்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக முதுகைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

லெய்கி தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடந்து வந்தாள். ரிதெர்க்கின் முகத்தை விரல்களால் தடவிப் பார்த்தாள்.

“கிழவனாயிட்டீங்க,” என்றாள். “இந்த ஒரு வார்த்தைக்கா இத்தன வருஷம்?”

அவன் அவள் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனான்.

அடுத்த வருடம் இரண்டு ஊரும் புதுப் பந்து வேகவைத்தன. ரிதெர்க்கை யாரும் ஆட்டத்துக்குக் கூப்பிடவில்லை; ஆடாதவன் மனைவி பிறந்த வீட்டுக்குப் போக வேண்டியதுமில்லை. தேவாலயத்தில் அவனும் லெய்கியும் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காருவதில்லை. ஆட்டச் சத்தம் கேட்ட அந்த மத்தியானம் இருவரும் வாசலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“அந்தப் பந்து இன்னும் அங்கியேதான் இருக்கா?”

“இருக்கு.”

“இருந்துட்டுப் போவுது,” என்று சொல்லி, லெய்கி காலிக் கோப்பையை நீட்டினாள்.