நாலு பேரில் ஒருத்தி

வினோதாவுக்குப் பயம் வந்தால் முதலில் வயிறு கலக்கும். மற்றவர்களுக்குக் கை நடுங்கும், நாக்கு உலரும், அதெல்லாம் வெளியில் தெரிகிற பயம், பார்ப்பவர்கள் பாவப்பட்டு ஒரு டம்ளர் தண்ணீராவது கொடுப்பார்கள். இவளுடைய பயம் யாருக்கும் தெரியாது. திருநள்ளாற்றில் அந்த லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் வயிறு நிம்மதியாக இருந்ததே இல்லை.

லாட்ஜில் ரூம் பெருக்கி, பாத்ரூம் கழுவி, படுக்கை விரிக்கிற பெண்கள் பத்து பேர். அரசாங்கத்துக்குத் தெரிந்தது நாலு பேர். அந்த நாலு பேருக்குச் சட்டம் சொல்கிற சம்பளம், பி.எஃப். எல்லாம் உண்டு. மீதி ஆறு பேருக்கு முதலாளி கொடுப்பதுதான் சம்பளம், அவர் சொல்வதுதான் சட்டம். வினோதா அந்த ஆறு பேரில் ஒருத்தி.

லேபர் ஆபீசர் வருகிறார் என்று தெரிந்தால் மேனேஜர் ஹரிஹரன் மாடிப்படியில் நின்று "குளத்துக்குப் போங்க" என்பார். அவ்வளவுதான். ஆறு பேரும் துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பின்படி வழியாக இறங்கி, குழாயடியில் ஒரு மக் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, நளன் குளத்துக் கூட்டத்தில் போய் நின்றுவிடுவார்கள். திருநள்ளாற்றில் தலை நனைந்த பெண்ணை யாரும் எதுவும் கேட்பதில்லை. சனி பிடித்தவள், குளிக்க வந்திருக்கிறாள் என்று நகர்ந்துகொள்வார்கள். ஆபீசர் காபி குடித்துவிட்டுப் போனதும் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து பெருக்குவார்கள். வருஷக்கணக்காக இப்படித்தான் நடக்கிறது. ஆபீசர் என்ற சொல் காதில் விழுந்ததும் புத்திக்கு முன்னால் கால் கிளம்பிவிடும் அளவுக்குப் பழகிவிட்டது.

முதலாளி தெட்சிணாமூர்த்தியைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுப்பார். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. அதுதான் வினோதாவுக்குச் சங்கடம். கத்துகிறவரிடம் பயந்தால் அவர் கத்தி முடித்ததும் பயமும் முடிந்துவிடும். மெதுவாகப் பேசுகிறவரிடம் எப்போது பயத்தை நிறுத்துவது என்றே தெரியாது.

அவர் ஒரு காலையில் அவளை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்.

"நீ பிளஸ் டூ படிச்ச பொண்ணுதானே?"

"ஆமாங்க."

"வெள்ளிக்கிழம காரைக்கால்ல ஒரு கூட்டம் போடுறாங்கம்மா. ஓட்டல், லாட்ஜுல வேல பாக்குறவங்களுக்கு மினிமம் சம்பளத்த ஏத்தலாமா வேணாமான்னு கேக்குறாங்க. எங்க பக்கமும் பேசலாம், ஒங்க பக்கமும் பேசலாம். ஒங்க பக்கத்துக்கு நீ பேசிடு."

"நான் என்னங்க பேசுறது?"

"உள்ளதப் பேசு. இப்ப வர்றது போதும், ஏத்துனா எங்கள நிறுத்திடுவாங்கன்னு சொல்லு. பொய் இல்லம்மா. சனிக்கிழமைய விட்டா பாதி ரூம் சும்மா கெடக்கு. கரண்டு பில்லு, சலவைக் கூலி, ஆன்லைன்ல ரூம் போடுறவனுக்குக் கமிஷன். நான் எங்கேருந்து குடுப்பேன்? ஆளக் கொறைக்கிறதத் தவிர வேற வழி இல்ல."

வினோதா தலையாட்டினாள். அவர் சொன்னதில் பாதி உண்மை என்று அவளுக்கே தெரியும். காலி ரூம்களை அவள்தானே தினமும் தூசு தட்டுகிறாள்.

"எதுக்கு என்னயப் போயிங்க? எம்பேருதான் கணக்குலயே இல்லயே."

"அங்க யாரு பேரெல்லாம் பாக்கப் போறா? சும்மா பேசிட்டு வா." பிறகு, ஏதோ அப்போதுதான் நினைவுக்கு வந்தது மாதிரி, "இளவேனில் எத்தனாவது வருஷம்?" என்றார்.

"ரெண்டாவதுங்க."

"நர்சிங்ல. நல்லாப் படிக்கட்டும்."

இதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. வினோதாவின் புருஷன் கதிரவன் சுரக்குடியில் கூலிக்கு டிராக்டர் ஓட்டுகிறவன். உழவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் அவனும் சும்மா, டிராக்டரும் சும்மா. மகள் படிப்பது இவள் சம்பளத்தில். இந்த வேலை போனால் இளவேனில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரவேண்டியதுதான். இது வினோதாவுக்கும் தெரியும், தெட்சிணாமூர்த்திக்கும் தெரியும்.

துணி மடிக்கிற அறையில் விஷயம் தெரிந்ததும் சண்டை வந்தது. சொர்ணாம்பாள் அங்கே எல்லோருக்கும் மூத்தவள், கணக்கில் உள்ள நாலு பேரில் ஒருத்தி. வாயும் கொஞ்சம் நீளம். மடித்துக்கொண்டிருந்த போர்வையை அப்படியே போட்டுவிட்டாள்.

"போதும்னு சொல்லப் போறியா? யாருக்குடி போதும்? சனிப்பெயர்ச்சி வந்தா ரூம் வாடகைய மூணு மடங்கு ஏத்துறாங்களே, அப்ப எவனாவது கூட்டம் போட்டு, ஏத்தலாமா வேணாமான்னு நம்மளக் கேட்டானா?"

"ஏத்துனா ஆளக் கொறைப்பாங்கக்கா" என்றாள் அல்லி. கருக்களாச்சேரிப் பெண். சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. "கொறச்சா மொதல்ல என்னத்தான் அனுப்புவாங்க. ஒங்களுக்கு ஏறும். எனக்கு இருக்குறதும் போயிடும். வினோதாக்கா, வேணாம்னே சொல்லிடுங்க."

"பத்து பேரு செய்யிற வேலைய நாலு பேரு செஞ்சுட முடியுமாடி? சனிக்கிழம காலைல வந்து பாருன்னு சொல்லு. நம்ம வேணும்டி அவங்களுக்கு. அது தெரியாமத்தான நம்ம நடுங்கிக்கிட்டுக் கெடக்கோம்."

"நீங்க நடுங்க வேணாம்க்கா. ஒங்க பேரு இருக்கு."

சொர்ணாம்பாளுக்கு அந்த வார்த்தை சுருக்கென்றது. போட்ட போர்வையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "அதான் சொல்றேன். எனக்குக் கெடைக்கிறது ஒங்களுக்கும் கெடைக்கணும்ல. கூட்டத்துல நானும் எந்திரிச்சுக் கேக்குறேன்" என்றாள்.

இரண்டு பேரும் வினோதாவைப் பார்த்தார்கள். இரண்டு பேர் சொன்னதும் அவளுக்கு நியாயமாகத்தான் பட்டது. நியாயம் ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் பயப்படுகிறவளுக்கு என்ன பிரயோசனம்? அவள் தலையணை உறையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை ரூம் வேலைக்குக் கணக்கில் உள்ள மூணு பேரை மட்டும் லாட்ஜில் விட்டுவிட்டு, மற்றப் பெண்களை முதலாளி தன் வேனிலேயே ஏற்றிக்கொண்டு வந்தார். நாற்காலி நிறைய வேலைக்காரர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று லாட்ஜ் முதலாளிகள் சங்கத்தில் சொல்லியிருந்தார்களாம். கல்யாண மண்டபம் மாதிரி பெரிய ஹால். முன்வரிசையில் முதலாளிகள், பின்னால் சர்வர்கள், துப்புரவுக்காரர்கள், ரூம் பெண்கள். வினோதா மட்டும் முன்வரிசையில், தெட்சிணாமூர்த்திக்குப் பக்கத்தில்.

மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர், "ஆபீசர் வந்துட்டாங்க, எல்லாரும் உட்காருங்க" என்றார்.

பின்னால் நாற்காலிகள் சரசரவென்று நகர்ந்தன. வினோதா திரும்பிப் பார்த்தாள். அல்லியும் கணக்கில் இல்லாத மற்ற நாலு பேரும் பக்கத்து வாசல் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள். இங்கே குளமும் இல்லை, ஒளியவேண்டிய அவசியமும் இல்லை. பேசச் சொல்லித்தான் கூட்டி வந்திருக்கிறார்கள். ஆனால் சொல் காதில் விழுந்தது, கால் கிளம்பிவிட்டது. வினோதாவே பாதி எழுந்துவிட்டாள். முதலாளி அவள் பக்கம் கையை அமர்த்திக் காட்டியதும்தான் உட்கார்ந்தாள்.

"எங்கடி ஓடுறீங்க" என்று தலையில் அடித்துக்கொண்டு, அவர்களைத் திருப்பிக் கூட்டிவரச் சொர்ணாம்பாளும் பின்னாலேயே போனாள்.

மேடையில் உட்கார்ந்த ஆபீசர் ஓர் அம்மாள். கண்ணாடி போட்டு, பார்க்கச் சாந்தமாக இருந்தார். தொழிற்சங்கத்துக்காரர் புகழேந்தி எழுந்து, அரிசி விலை ஏறுகிறது, கேஸ் விலை ஏறுகிறது, கூலி மட்டும் ஏறினால் உலகம் அழிந்துவிடுமா என்று கேட்டார். பின்வரிசை கை தட்டியது. ஓட்டல்காரர் ஒருவர் எழுந்து, இங்கே ஏற்றினால் பார்டரைத் தாண்டிப் போய்க் கடை போட்டுக்கொள்வோம் என்றார். காரைக்காலில் எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச தூரத்தில் தமிழ்நாடு வந்துவிடும், அதனால் இந்த மிரட்டலுக்கு இங்கே எப்போதும் மவுசு உண்டு. பிறகு தெட்சிணாமூர்த்தி எழுந்தார். தன் வழக்கமான மெதுவான குரலில், சின்ன லாட்ஜ், நாலே நாலு பெண்களை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறேன், அவர்களுக்கும் சம்பளம் ஏறினால் பூட்ட வேண்டியதுதான் என்று சொல்லி உட்கார்ந்தார்.

வினோதா இதில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. தான் பேச வேண்டியதை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். மைக் கைக்கு வந்ததும் எழுந்து நின்றாள்.

"எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் லாட்ஜுல ரூம் சுத்தம் பண்றேன். எங்களுக்கு இப்ப வர்றது போதும்ங்க. ஏத்துனா ஆளக் கொறைப்பாங்க. நாங்க பத்து பேரு இருக்கோம், பத்து குடும்பம். பத்து பேரயும் வச்சுக் காப்பாத்துறது எங்க முதலாளிதாங்க. எங்க பத்து பேரு வேலயும் இருக்கணும்ங்க."

நன்றாகத்தான் பேசினாள். முதலாளிக்கு ஆதரவாக இதைவிட நன்றாக யாரும் பேசியிருக்க முடியாது. ஆனால் தெட்சிணாமூர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து பேரா?" என்றார் ஆபீசர் அம்மாள். "சார் இப்பத்தானே நாலு பேருன்னாரு?"

வினோதாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் பின்னால் திரும்பினாள். சொர்ணாம்பாள் இருந்தால் எழுந்து ஏதாவது சொல்லியிருப்பாள், அல்லியாவது இருந்திருப்பாள். அந்த வரிசையே காலியாகக் கிடந்தது.

"பயப்படாதீங்கம்மா. எத்தனை பேரு?"

அம்மாளின் குரல் உண்மையாகவே அன்பாக இருந்தது. இப்போது பத்து என்றால் உண்மை. ஆறு பேரும் இருக்கிறார்கள் என்று ஒரு தடவையாவது யாராவது எழுதிக்கொள்வார்கள். அதற்கப்புறம் திங்கட்கிழமை? இளவேனில் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்குகிற காட்சி வினோதாவின் கண்ணுக்கு முன்னால் அப்படியே வந்து நின்றது.

"நாலு பேருதாங்க. பதட்டத்துல தப்பா சொல்லிட்டேன்."

"நீங்க அந்த நாலு பேர்ல ஒருத்தரா?"

முதலாளி நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"ஆமாங்க."

"பேரு?"

"வினோதா."

அம்மாள் எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் லாட்ஜுக்கு நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். கூட்டம் முடிகிறபோது, சம்பளத்தை ஏற்றச் சொல்லித்தான் பரிந்துரைக்கப் போகிறோம் என்று அறிவித்தார்கள். பின்வரிசை விசில் அடித்தது. வினோதாவுக்கு அது எங்கோ தூரத்தில் கேட்டது.

வெளியே வேன் பக்கத்தில் தெட்சிணாமூர்த்தி அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

"பரவாயில்லம்மா, சமாளிச்சுட்ட. ஆனா அந்தம்மா விடாது, வந்து பாக்கும். நாலு பேருன்னு சொல்லியாச்சு, இனிமே நாலு பேருதான். சம்பளமும் ஏறுது, எனக்கும் வேற வழி இல்ல. நீ இருக்கேன்னு அங்கயே எழுதியாச்சு. அப்ப ஒன்னய நாலு பேர்ல சேத்துடணும்." கொஞ்சம் நிறுத்தினார். "சொர்ணாம்பாளுக்கும் வயசாச்சு. ஒனக்கு இனிமே புதுச் சம்பளம், பி.எஃப். எல்லாம் உண்டு. இப்ப அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லிக்காத."

வினோதா வாயைத் திறப்பதற்குள் அவர் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஹாலின் பக்கத்து வாசலிலிருந்து பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். சொர்ணாம்பாள் முன்னால் நடந்து அவர்களைத் திட்டிக்கொண்டே வந்தாள். திட்டு வாங்கியவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

"அரசலாத்துப் பாலத்துல போயி வரிசையா நிக்கிறாளுங்கடி, கூட்டியாந்தா உள்ள விடாம வாசல்லயே நிறுத்திட்டாங்க" என்றாள் சொர்ணாம்பாள் மூச்சு வாங்க. "கைத்தட்டுச் சத்தம் கேட்டுச்சே. என்ன முடிவு பண்ணாங்க?"

"ஏத்துறாங்களாம்க்கா."

"பாத்தியா. நான்தான் சொன்னேன்ல." அவள் அல்லியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். "நடுங்கிக்கிட்டுக் கெடந்தியே. ஆளக் கொறைக்கிறதப் பத்தி ஏதும் பேசுனாங்களா வினோதா?"

அல்லியும் அவள் வாயையே பார்த்தாள். முன்சீட்டுக் கண்ணாடி இறங்கியிருந்தது.

"அதெல்லாம் ஒண்ணும் பேசலக்கா" என்றாள் வினோதா.

"பின்ன என்ன, ஏறு." சொர்ணாம்பாள் வேனில் ஏறி ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டாள்.